கூரைக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தச்சு பழக வருபவரிடம் முதல் நாளே அளவு அட்டவணையை நீட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எண்ணைப் பார்த்து அறுத்தே பழகியவர், சுவர் மூலை கொஞ்சம் கோணலாக இருந்தால் திகைத்து நின்றுவிடுவார். கூரையின் வடிவத்தைத் தரையில் முழு அளவில் கோடு போட்டுப் பழகியவர் அந்தக் கோணலையும் சேர்த்தே வரைந்துவிடுவார். பிரான்சின் மரக்கூரைத் தச்சர்கள் இப்படிக் கோடு போடும் மரபை யுனெஸ்கோ 2009-ல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உளிக்கோ இழைப்புளிக்கோ அல்ல, கோட்டுக்குக் கிடைத்த மரியாதை அது.

அடுத்தது, எல்லாக் கைமரத்துக்கும், அதாவது சுவரிலிருந்து முகட்டுக்குச் சாய்வாக ஏறும் மரத்துக்கும், ஒரே சரிவு என்று நினைக்க விடுவது. நாலு பக்கமும் சரியும் கூரை, கட்டட அகலம் 8 மீட்டர், முகடு 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கைமரம் கிடையாக 4 மீட்டர் போய் 3 மீட்டர் ஏறுகிறது. நீளம் 5 மீட்டர். சுவர் மூலையிலிருந்து ஏறும் மூலைக் கைமரமும் அதே 3 மீட்டர்தான் ஏறுகிறது. ஆனால் மூலைவிட்டமாகப் போவதால் கிடைத்தூரம் 5.66 மீட்டர், நீளம் 6.40. சரிவு சுமார் 37 பாகையிலிருந்து 28 பாகைக்குப் படுத்துவிடும். வாயால் சொன்னால் இது மண்டையில் ஏறாது. பத்தில் ஒரு பங்கு அளவில் பலகைமேல் குச்சி நட்டு நூல் கட்டிக் காட்டினால் உடனே புரியும்.

கைமர நீளத்திலிருந்து முகட்டு மரத்தின் பாதித் தடிமனைக் கழிக்க மறப்பதும் உண்டு. கழித்தாலும் சாய்வாக அளந்து கழிப்பார்கள். கிடையாக அளக்க வேண்டும். முகட்டு மரம் 5 சென்டிமீட்டர் தடிமன் என்றால் சாதாரணக் கைமரத்துக்குக் கழிவு 2.5. 45 பாகையில் வந்து சேரும் மூலைக் கைமரத்துக்கோ ஏறக்குறைய 3.5.

கைமரம் சுவர்மேல் உத்தரத்தில் உட்காரும் வெட்டை ஆழமாகப் போட விடாதீர்கள். மரத்தின் குறுக்குவெட்டு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வலு போய்விடும்.

குறி போடுவது மேஸ்திரி, அறுப்பது மட்டும் பையன் என்ற வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும்தான், தொழில் கைமாறாது. கழிவுக் கட்டையிலாவது பழகுபவரே குறி போட்டு, அறுத்து, பொருத்திப் பார்க்கட்டும்.

கைபேசிச் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை, வரைந்து அளந்த பிறகு அதில் சரிபார்க்கலாம். வரைபடம் 6.40 என்றும் செயலி 6.36 என்றும் காட்டினால், அந்த 4 சென்டிமீட்டர் எங்கே போனது என்று அவரையே தேடவிடுங்கள். முகட்டு மரக் கழிவைச் செயலி முன்கூட்டியே எடுத்திருக்கும்; கிடையாக 3.5 என்பது சாய்வு நீளத்தில் 4 ஆகிறது.