மாஸ் எஃபெக்ட் 2: கடைசி மிஷனில் பன்னிரண்டு பேரையும் காப்பாற்றுவது

மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி வீடியோ கேம் வெளிவந்தது 2010இல். அதில் பன்னிரண்டு தோழர்களைச் சேர்த்து, ஒவ்வொருவருடைய சொந்த வேலையையும் (லோயல்டி மிஷன்) முடித்து அவர்கள் விசுவாசத்தைப் பெற்று, கடைசியில் கலெக்டர்கள் என்ற எதிரிகளின் தளத்தைத் தாக்கவேண்டும். 2021இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்த லெஜண்டரி எடிஷன் வந்தபிறகு ஹட்டனில் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணே, எல்லாரோட லோயல்டி மிஷனும் முடிச்சிட்டேன். அப்புறமும் மோர்டின் ஏன் செத்தாரு?" இனி வருவதில் முடிவெல்லாம் வெளிப்படும், விளையாடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்பல். ஜேக்கப் சொல்லும் கவசம், டாலி சொல்லும் ஷீல்ட், கேரஸ் சொல்லும் பீரங்கி, இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு ஆள் போய்விடும். கவசம் இல்லையென்றால் ஜாக் தரையிறங்கும் முன்னே இறந்துவிடுவாள். கிரகம் கிரகமாகத் தாது தேடுவது அலுப்புத்தான், ஆனாலும் தேடுங்கள்.

அடுத்தது லோயல்டி. டாலியின் விசாரணையில் அவளுடைய அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் ஆதாரத்தை அவையில் வைத்தால் அவள் மனம் முறிந்துவிடும். வைக்காதீர்கள். மிராண்டாவும் ஜாக்கும் சண்டை பிடிப்பார்கள், டாலியும் லீஜியனும் அப்படியே. இருவரையும் சமாதானப்படுத்த பராகன் (நல்லவன்) அல்லது ரெனிகேட் (முரடன்) புள்ளி நிறைய வேண்டும். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஒரே வழியில் போங்கள். கொஞ்சம் நல்லவன், கொஞ்சம் முரடன் என்று கலந்து ஆடினால் அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

ரீப்பர் ஐ.எஃப்.எஃப் (எதிரியின் தளத்துக்குப் போகும் வழியைத் திறக்கும் அடையாளக் கருவி) எடுக்கப் போகும் முன் மற்ற எல்லோருடைய மிஷனையும் முடியுங்கள். பிறகு அங்கே கிடைக்கும் ரோபோவான லீஜியனை எழுப்பி, உடனே அதன் மிஷனைச் செய்யுங்கள். கப்பல் ஊழியர்களைக் கலெக்டர்கள் தூக்கிப்போனதும் வேறு எங்கும் திரும்பாமல் எதிரியின் தளத்துக்குப் போகும் வாசலான ஒமேகா 4 ரிலேக்குள் போய்விட வேண்டும். நடுவில் ஒரு மிஷன் செய்தாலும் ஊழியர்களில் பாதிப்பேர் மிஞ்சமாட்டார்கள். ரிலேக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரு மழை பெய்தாலே கரண்ட் போய்விடும், ஆட்டோசேவை மட்டும் நம்ப வேண்டாம்.

உள்ளே போனதும் ஆள் தேர்வு. குழாய்க்குள் நுழைந்து கதவு திறக்க டாலி, லீஜியன், கசுமி மூவரில் ஒருவர். அணி இரண்டு தடவை பிரியும்; இரண்டு தடவையும் மற்ற அணித் தலைமைக்குக் கேரஸ், ஜேக்கப், மிராண்டா மூவரில் ஒருவர். பூச்சிக் கூட்டத்தைத் தடுக்கும் பயோட்டிக் (மனசக்தி) அரணுக்கு ஜாக் அல்லது சமாரா. பயோட்டிக் யாரானாலும் முடியும் என்று மிராண்டா அந்த இடத்தில் சொல்வாள், கேட்காதீர்கள். அவளால் தாங்கமுடியாது, உங்களோடு நடப்பவர்களில் ஒருவரைப் பூச்சிகள் தூக்கிவிடும். ஊழியர்களைத் திருப்பி அழைத்துப்போக லோயலான ஒருவரைக் கட்டாயம் அனுப்புங்கள். என் தேர்வு எப்போதும் மோர்டின்.

இனித்தான் பொடியன்கள் தடுக்கிவிழும் இடம். கடைசிச் சண்டைக்கு இருவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், மற்றவர்கள் பின்னால் நின்று வாசலைக் காக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் காக்கும் பலம் என்று ஒரு எண் உண்டு, கேம் அதைத் திரையில் காட்டாது. கிரண்ட், ஸயீத், கேரஸ் 4. தேய்ன், லீஜியன், சமாரா, ஜேக்கப், மிராண்டா 2. ஜாக், கசுமி, டாலி, மோர்டின் 1. லோயல் இல்லையென்றால் ஒன்று குறையும். ஐந்து பேரோ அதற்கு மேலோ நின்றால் சராசரி 2 இருக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். கேரஸையும் கிரண்டையும் கூட்டிக்கொண்டு, தேய்னை ஊழியர்களோடு அனுப்பிவிட்டீர்கள். வாசலில் ஒன்பது பேர், மொத்தம் 16, சராசரி 1.78. ஒருவர் சாகவேண்டும், அந்த வரிசையில் முதல் பெயர் மோர்டின். அவர் லோயலாக இருந்தும் இறப்பது இதனால்தான். இப்போது மாற்றுங்கள்: மோர்டினை ஊழியர்களோடு அனுப்பி, டாலியையும் ஜாக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதே ஒன்பது பேர், மொத்தம் 23, சராசரி 2.56. ஒருவருக்கும் ஒன்றுமாகாது.

பலசாலி நம்மோடு வரட்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் நிரை பிரிக்கும் கங்காணி கைவேகமான ஆட்களையெல்லாம் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில்லை, கொழுந்து நிற்கும் இடத்துக்கு அனுப்புவார். கடைசி எதிரியை நீங்களே சுட்டு முடித்துவிடலாம், வாசலில்தான் கூட்டம். உங்களோடு வரும் இருவரும் லோயலாக இருந்தால் போதும்.

இவர்களை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் டாலியின் இனமான குவாரியன்களுக்கும் லீஜியனின் ரோபோ இனமான கெத்துகளுக்கும் சமாதானம் செய்ய டாலியும் லீஜியனும் உயிரோடு இருக்கவேண்டும். அதே பாகத்தில் மோர்டின் இல்லாத டுச்சாங்கா கிரக மிஷனை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். சேவ் கோப்பை அழிக்காமல் அப்படியே மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோங்கள்.