செவர்ன் கரையில் வீடு பார்க்கிறீர்களா?

ஆஸ்பத்திரி வேலைக்கோ முதியோர் இல்ல வேலைக்கோ இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயருக்கு வரும் நம் ஆட்கள் கேட்பதெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாடகை எவ்வளவு, ஸ்கூல் எப்படி, இட்லி அரிசி எங்கே கிடைக்கும்? செவர்ன் ஆற்று வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் முதலில் அதைக் கேளுங்கள்.

எங்கள் முதல் வாடகை வீட்டில் கீழ்த்தளத்து ப்ளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. குனிய வேண்டியதில்லை என்று மனைவிக்குச் சந்தோஷம். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இரும்புப் பள்ளம் ஓடியது. அது எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டைக் காட்டிய ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பரில் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் விளக்கினார். முன்பு ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்த பிறகு வயரிங்கை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் வெள்ளத் தடுப்புப் பலகையைச் செருக வேண்டும். சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் இருக்கிறதே, தரைக்கடியில் காற்று போவதற்காக வைத்தது, தண்ணீர் முதலில் நுழைவது அதன் வழியாகத்தான் என்றார். அன்றிலிருந்து யார் வீடு பார்க்கப் போனாலும் கூடப் போய்ச் சுவரின் அடியைத்தான் பார்க்கிறேன்.

வீடே நிறையச் சொல்லிவிடும். கீழ்த்தளம் முழுக்க டைல்ஸ், உயரத்தில் ப்ளக், பலகை செருகும் பள்ளம், இதெல்லாம் இருந்தால் அந்த வீடு ஆற்றைச் சந்தித்திருக்கலாம். அதற்காக வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. ஏற்பாட்டோடு இருக்கும் வீடு, ஏற்பாடில்லாத பக்கத்து வீட்டைவிட மேல். ஆனால் இந்த வீட்டில் தண்ணீர் வந்ததுண்டா, எந்த வருஷம், எவ்வளவு உயரம் என்று நேராகக் கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

இங்கே மழைக்கும் வெள்ளத்துக்கும் உள்ள உறவு சென்னைக்காரர்களுக்குப் புதிது. செவர்ன் பிறப்பது வேல்ஸ் மலைகளில். அங்கே கொட்டுகிற மழை நம்மிடம் வந்துசேர ஓரிரு நாள் ஆகும். அதற்குள் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குடகில் பெய்த மழை கொள்ளிடக் கரையைத் தொடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வூஸ்டர் கதீட்ரலுக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய வாட்டர்கேட் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1770, 1947 என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் குறிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எதிர்க்கரையில் கவுண்டி கிரிக்கெட் மைதானம். வெள்ளத்தால் 2024இல் அங்கே நடக்க வேண்டிய ஆட்டத்தைக் கிடர்மின்ஸ்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பெரிய ஆறு அவகாசம் தரும், ஓடை தராது. 2024 நவம்பரில், பெர்ட் புயலின்போது, டென்பரி வெல்ஸ் என்ற ஊரில் கைர் ஓடையின் கரைச்சுவர் இடிந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் பாய்ந்தது. ஆறு தூரத்தில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

அரசின் கவ் டாட் யூகே தளத்தில் 'செக் யுவர் லாங் டேர்ம் ஃபிளட் ரிஸ்க்' என்று ஒரு பக்கம் உண்டு. போஸ்ட்கோடைப் போட்டால் ஆற்று வெள்ளம், மழைநீர்த் தேக்கம் என்று தனித்தனியாகக் காட்டும். 'ஹை' என்றால் ஆண்டுக்கு 3.3 சதவீதத்துக்கு மேல், அதாவது முப்பதில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. கேட்கச் சிறிதாகத் தெரியும். 25 வருஷ வீட்டுக்கடனுக்குக் கணக்குப் போட்டால், அந்தக் காலத்துக்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வர பாதிக்கு மேல் வாய்ப்பு. அதே தளத்தில் எச்சரிக்கைச் செய்திக்கும் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். அலர்ட் வந்தால் தயாராகுங்கள். வார்னிங் வந்தால் உடனே காரியத்தில் இறங்குங்கள். சிவியர் வார்னிங் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம். வெள்ளத் தகவல் சொல்லும் ஃபிளட்லைன் எண் 0345 988 1188, போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி இன்சூரன்ஸ். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வெள்ளத்துக்குத் தனி பாலிசி எடுக்கச் சொல்வார். அது அந்த ஊர் முறை. இங்கே சாதாரண வீட்டு இன்சூரன்ஸிலேயே வெள்ளம் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் விலக்கு ஏதும் உண்டா என்று பாலிசியைப் படித்துவிடுங்கள். பில்டிங்ஸ் என்பது கட்டடத்துக்கு, கன்டென்ட்ஸ் என்பது உள்ளே இருக்கும் பொருள்களுக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் சோபாவுக்கோ லேப்டாப்புக்கோ பைசா தராது. கன்டென்ட்ஸ் பாலிசியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நகைக்குத் தனி வரம்பு இருக்கும். நம் வீட்டுத் தங்கம் அதைத் தாண்டிவிடும், அதனால் தனியாகக் குறிப்பிடுங்கள். வீடு காயும்வரை வேறு இடத்தில் தங்கும் செலவு உண்டா என்றும் பாருங்கள், காய மாதக்கணக்கில் ஆகும். முன்பு தண்ணீர் வந்ததா என்று படிவத்தில் கேட்டால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பணம் வரவேண்டிய நாளில் வராமல் போகலாம்.

ஆற்றோரப் பழைய வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் பிரீமியத்தில் பாலிசி கிடைக்க வேண்டும் என்றுதான் 2016 ஏப்ரலில் ஃபிளட் ரீ என்ற திட்டம் தொடங்கியது. 2039 வரை இருக்கும். நாம் அதில் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியே வெள்ளப் பொறுப்பை அதனிடம் தள்ளிவிடும். ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு இது கிடையாது. சொந்த வீடு என்றால் புத்தம் புதிதாக வேண்டும் என்பது நம்மில் பலரின் ஆசை. அந்த வீடு தாழ்வான இடத்தில் அமைந்து, வெள்ளமும் வந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அதனால் வீடு வாங்கும் முடிவுக்கு முன்பே, அதே முகவரியைப் போட்டு இரண்டு மூன்று கம்பெனிகளில் கொட்டேஷன் எடுங்கள். பிரீமியம் எகிறினாலோ தர மாட்டோம் என்றாலோ காரணத்தைக் கேளுங்கள்.

டிகிரி சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் இன்றே மாடிக்குப் போகட்டும். ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே காரை மிதக்க வைத்துவிடும். நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று அதில் வண்டியை விடாதீர்கள், வார்டுக்குப் போன் செய்து சொன்னால் போதும். தண்ணீர் உள்ளே வந்து வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள். அது சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பொருளை அவசரப்பட்டு வெளியே எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதி, அதையும் ஒரு படம் எடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள்.