மணக்குடி பொழியில் அமோனியாவைத் தேடுவது எப்படி?

அமீபா மாதிரி ஒரே செல்தான். ஆனால் தனக்கென்று சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். ஃபொராமினிஃபெரா என்ற இந்தக் கூட்டத்தில் அமோனியா என்றொரு பேரினம் (வாயு இல்லை) ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடங்களில் நன்றாக வாழும். அதனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடி பொழியில் (கழிமுகத்தில்) தேடத் தொடங்கலாம். அதே மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் முதல் தேடலுக்கு வேண்டாம். கனமான தாதுமணலுக்குள் ஓட்டைப் பொறுக்குவது பெரும்பாடு.

முதலில், நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சேற்றின் மேல்தோலை மட்டும் கரண்டியால் வழித்தெடுங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். உயிருள்ளவை பெரும்பாலும் மேலேதான் இருக்கும். அங்குள்ள தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டிச் சேற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை டீ வடிகட்டியில் அலசுங்கள். கீழே இறங்கியதுதான் நமக்கு வேண்டும். அதை டம்ளரில் கலக்கி, அரை நிமிடம் விட்டு, கலங்கல் நீரை மட்டும் இறுத்துவிடுங்கள். நீர் தெளியும்வரை இதையே செய்து, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள்.

அப்புறம் கருப்புத் தாளில் மெல்லியதாகத் தூவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காத வெள்ளைச் சுருள்கள் தெரியும். குட்டி நத்தையும் அப்படித்தான் இருக்கும், அவசரப்படாதீர்கள். ஈரத் தூரிகை நுனியால் ஒன்றைத் தொட்டெடுத்துப் புரட்டுங்கள். ஒரு பக்கம் எல்லாச் சுற்றுகளும் தெரிந்து, மறுபக்கம் கடைசிச் சுற்று மட்டும் தெரிந்தால், சுற்று நெடுக அறை அறையாகக் கோடு பிரிந்திருந்தால், அது அமோனியாவாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. நத்தை ஓட்டில் இந்த அறைகள் கிடையாது. அறைகளைப் பார்த்துத்தான் 1826இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பினி ஃபொராமினிஃபெராக் கூட்டத்தையே கணவாய் வகையில் சேர்த்தார். அவை ஒருசெல் உயிரிகள் என்று இன்னொரு பிரெஞ்சு அறிஞர் டுஜார்டின் கண்டறிந்தது 1835இல்.

வினிகர் சொட்டினால் ஓடு நுரைக்கும், மணல் நுரைக்காது. நல்ல ஓட்டை வீணாக்காமல் உடைந்ததில் செய்யுங்கள்.

தனியே வைத்த சேற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பி, பொழித் தண்ணீரை ஊற்றி, ஓரிரவு அசைக்காமல் விடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. உயிருள்ளவற்றின் ஓட்டுக்குள் மஞ்சளோ பழுப்போ பச்சையோ தெரியும். பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் நூறு மடங்கில் பொறுமையாகக் காத்திருங்கள்: ஓட்டைச் சுற்றி நூலிழை போன்ற போலிக்கால்கள் நீளும், அவற்றுக்குள் துகள்கள் இரு திசையிலும் ஓடும்.

பார்த்து முடித்ததும் சேற்றைப் பொழியிலேயே திரும்பக் கொட்டிவிடுங்கள்.