கண் நன்றாகத் தெரியும்போதே எடுக்க வேண்டிய படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கிளினிக்கில் இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுப்பவர்கள், வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரையைக் காட்டும் கண்படமும் கேட்டு எடுக்க வேண்டும். இனிப்புநீரால் விழித்திரையின் நுண் ரத்தக் குழாய்கள் கசிந்தாலும், நடுப்பகுதியைத் தொடும்வரை வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது.

டைப் 2 (பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் வகை) என்றால் நோய் தெரிந்ததுமே முதல் படம் எடுங்கள். பல வருடம் தெரியாமலே ரத்தத்தில் சீனி ஏறியிருக்கலாம். டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) என்றால் தெரிந்து 5 ஆண்டுக்குள். ஏற்கெனவே இனிப்புநீர் உள்ள பெண் கருவுற்றால் முதல் 3 மாதத்துக்குள்.

இந்தப் படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமரா எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. எங்கே, எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முன்பே கேளுங்கள். அன்றைக்கு மோட்டார் ஓட்டிப் போகாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும். ட்ரோப்பிகமைட் என்ற சொட்டு மருந்து விட்டால் கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கரு வட்டம்) விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு 4 முதல் 6 மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. கண் அழுத்த நோய் இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கண்ணுக்கும் பொதுவாக 2 படம்: ஒன்று விழித்திரையின் மையத்துக்கு, ஒன்று நரம்பு தொடங்கும் இடத்துக்கு. ஒருமுறை இமைத்துவிட்டு, அகலத் திறந்து, பச்சைப் புள்ளியோ வேறு விளக்கோ காட்டினால் அதையே பாருங்கள். இமைமுடி விழுந்தாலோ பாப்பா சிறுத்தாலோ கண்ணில் புரை இருந்தாலோ படம் கலங்கும். "படம் தெளிவில்லை" என்றால் "கண் நல்லா இருக்கு" என்று அர்த்தமில்லை. கண் டாக்டருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

"இன்சுலின் போட்டால் கண் போய்விடும்" என்ற பயம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு வேர் உண்டு. ஏற்கெனவே கண் கெட்டிருப்பவருக்குச் சீனி வேகமாக இறங்கினால், முதல் ஆண்டில் சிலருக்குச் சற்று மோசமாகும். ஆனால் 1993இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில், டைப் 1 உள்ள 1,441 பேரைப் பல ஆண்டு பார்த்தபோது, சீனியை இறுக்கிப் பிடித்தவர்களிடம் புதிதாகக் கண்நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. ஆகவே இன்சுலினை நிறுத்தாதீர்கள். தொடங்கும் முன் கண்படம் எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் கண்ணுக்கான மருந்துதான்: 1998இல் வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வு இதை டைப் 2 உள்ளவர்களிடம் காட்டியது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தள்ளிப்போடாதீர்கள். லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், தெளிவாக்க அல்ல. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். மையத்தில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி. 2015இல் மூன்று மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வில் முதல் ஆண்டில் 9, 10 ஊசி தேவைப்பட்டது. ஷிப்ட் வேலையால் மாதாமாதம் வர முடியாது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்த கண்ணில், ஊசியை மட்டும் நம்பிப் பாதியில் விட்டால் பார்வை வேகமாகக் கெடும். அப்படிப்பட்டவருக்கு லேசர்தான் பாதுகாப்பு. ஊசிக்குப் பின் சில நாளில் வலி கூடினாலோ, சிவந்து பார்வை குறைந்தாலோ கிருமி சேர்ந்திருக்கலாம். அன்றைக்கே ஓடுங்கள்.

வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதை மறைத்துவிடும். கோடு வளைந்தாலோ, தேதி மறைந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகளும் நூல்களும் மிதந்தாலோ அடுத்த தவணை வரை பொறுக்க வேண்டாம்.