இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் கைதானால்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரான் சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள் எம்.பி.க்கும் வெளியுறவு அலுவலகத்துக்கும் மனு எழுத லண்டனில் உதவி வருகிறேன். புதிதாக உதவ வருபவர்கள், தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். வக்கீல் வைப்பது, தேதிகளைக் குறித்து வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறதே"

ஈரான் தன் குடிமக்களின் இரண்டாவது குடியுரிமையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தூதரக அதிகாரி சிறையில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டால், கைதி தங்கள் நாட்டவர் என்று மறுத்துவிடுவார்கள். ஈரான், பிரிட்டன் இரண்டின் குடியுரிமையும் கொண்ட கைதி நாசனின் சகாரி-ராட்கிளிஃபுக்கு 2019இல் பிரிட்டன் இராஜதந்திரப் பாதுகாப்பே அளித்தது; அதாவது, அவர் வழக்கை நாட்டின் சொந்த வழக்காகவே எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் அவர் வீடு திரும்ப மூன்று ஆண்டுகள் ஆயின.

அங்கே போன காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. குழந்தையைத் தன் பெற்றோரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போதுதான், 2016 ஏப்ரலில், தெஹ்ரான் விமான நிலையத்தில் நாசனின் கைதானார். 2017 நவம்பர் 1 அன்று பிரிட்டனின் அன்றைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் குழுவில், அவர் அங்கே இதழியல் கற்பித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவைத்தார். அது உண்மையே இல்லை. அவர் வேலை பார்த்த அறக்கட்டளையும் மறுத்தது. மூன்றே நாளில் நாசனினை மறுபடி நீதிமன்றத்தில் நிறுத்தி, அமைச்சரின் பேச்சையே அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டினார்கள். அமைச்சர் பின்னால் மன்னிப்புக் கேட்டார். என்ன பயன்?

குடும்பங்களும் இதையே செய்கின்றன. ஒரு வீட்டில் கைதியின் மனைவி, "அம்மாவைப் பார்க்கப் போனார்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் டிவியில், "ஏதோ தொழில் பேச்சும் இருந்தது" என்றார். தம்பி பெரிய ஆள் என்று தெரிந்தால் அரசு வேகம் காட்டும் என்ற நினைப்பு. அடுத்த முறை சிறையிலிருந்து போன் வந்தபோது, "யாரோடு தொழில் என்று கேட்டுத் துளைக்கிறார்கள், யார் அப்படிச் சொன்னது?" என்று அந்தத் தம்பி அழுதார்.

போன காரணத்தை நான்கு வரியில் எழுதுங்கள். எம்.பி., அதிகாரி, நிருபர் யாராக இருந்தாலும் அதே நான்கு வரிதான். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். அமைச்சரைச் சந்தித்தால், அன்றைக்கே அந்த வரிகளை அவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

விடுவித்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகருக்குப் பணம்

கொடுக்காதீர்கள்.

வழக்கை மட்டும் பார்ப்பது

மன்னர் ஷா காலத்தில் ஈரான் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிகளுக்கு முன்பணம் கட்டியிருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு பிரிட்டன் மீதி டாங்கிகளையும் அனுப்பவில்லை, பணத்தையும் திருப்பவில்லை. 2022 மார்ச்சில், அந்தக் கடனுக்காக ஏறக்குறைய 40 கோடி பவுண்டு கைமாறிய வேளையில்தான் நாசனினும் இன்னொரு பிரிட்டிஷ்-ஈரானியக் கைதியான அனூஷே அஷூரியும் விமானம் ஏறினார்கள். இரு நாடுகளுக்கிடையே தீராத கணக்கு என்ன இருக்கிறது என்று உங்கள் எம்.பி.யைக் கேட்கச் சொல்லுங்கள்.

"இன்னொரு நாடு பார்த்துக்கொள்ளும்"

அதே காலத்தில் ஈரானில் சிறையிலிருந்த முராத் தாபாஸுக்கு ஈரான், பிரிட்டன், அமெரிக்கா என மூன்று குடியுரிமை. 2022இல் மற்ற இருவரும் கிளம்பிய நாளில் அவரையும் சிறையிலிருந்து வெளியே விட்டு, சீக்கிரமே திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்கா செய்துகொண்ட உடன்பாட்டில்தான் அவரால் நாட்டை விட்டு வர முடிந்தது. அதனால் விடுதலைக்காகப் பேசும் பட்டியலில் உங்கள் ஆள் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வோர் அரசிடமும் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.