குளம் கடலில் கிடந்தால் எங்கே பார்ப்பது?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களை போஸ்ட்ஜிஐஎஸ் என்கிற வரைபடத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. ஒருநாள் கூட இருக்கிற தம்பி கூப்பிட்டான்: "அண்ணாச்சி, திருச்செந்தூர்க் குளம் ஒண்ணு அரபிக்கடல்ல கெடக்கு." பார்த்தால் மினிக்காய்த் தீவையும் தாண்டி மேற்கே கிடந்தது, சவம்.

டேபிளில் ஏற்றும்போது, ஜியோமெட்ரியின் (குளத்தின் வடிவம்) எஸ்ஆர்ஐடியும் அதை வைக்கிற காலத்தின் (டேபிளின் column) எஸ்ஆர்ஐடியும் பொருந்தவில்லை என்று பிழை வந்திருக்கிறது. எண்கள் எந்த அளவுமுறையில் இருக்கின்றன என்று சொல்லும் குறியெண்தான் எஸ்ஆர்ஐடி. அதை அடக்க அவன் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி கட்டளை போட்டு 32643 என்று ஒட்டிவிட்டான். பிழை போனது, குளமும் போனது.

நம்ம பக்கம் இது அடிக்கடி நடக்கும். யூடிஎம் என்பது பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற முறை. அதன் 43-ம் மண்டலமும் (32643) 44-ம் மண்டலமும் (32644) சந்திக்கிற 78 டிகிரிக் கோடு ஆற்றுக்குக் குறுக்கே போகிறது. திருநெல்வேலியும் (77.7) ஸ்ரீவைகுண்டமும் (77.9) 43-ல் இருக்கின்றன, திருச்செந்தூரும் தூத்துக்குடியும் (78.1) 44-ல். 44-ல் அளந்ததற்கு 43 என்று பெயர் வைத்தால் குளம் சரியாக 6 டிகிரி, அதாவது சுமார் 660 கிலோமீட்டர், மேற்கே போய்விடும்.

அதனால் பிழை வந்ததும் எதையும் மாற்றாதீங்க. எஸ்டி_ஆஸ்டெக்ஸ்ட் போட்டு ஒரே ஒரு வரிசையின் எண்களைக் கண்ணால் பாருங்க. 77, 8 என்று இருந்தால் டிகிரி, பெரும்பாலும் 4326. முதல் எண் 8 லட்சத்தை ஒட்டி இருந்தால் 32643. 1 லட்சத்து 80 ஆயிரம் பக்கம் இருந்தால் 32644. எஸ்ஆர்ஐடி 0 என்று காட்டினால், ஷேப்ஃபைலை (வரைபடத்தை அனுப்புகிற ஃபைல் வகை) அனுப்பியவர், அளவுமுறையைச் சொல்லும் பிஆர்ஜே ஃபைலை விட்டுவிட்டார் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

செட்எஸ்ஆர்ஐடி பெயர்ச்சீட்டை மட்டும்தான் மாற்றும். எண்களை மாற்றுவது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம். எங்கள் குளத்துக்கு முதலில் 32644 என்று சரியான சீட்டை ஒட்டி, பிறகு டேபிளின் 32643-க்கு டிரான்ஸ்ஃபார்ம் செய்தோம். திருச்செந்தூருக்கே திரும்பி வந்தது. இப்போது எல்லாவற்றையும் 4326-லேயே வைத்திருக்கிறோம்; பரப்பு வேண்டும்போது ஜியாகிரஃபியாக (பூமியின் வளைவோடு கணக்கிடும் வகை) மாற்றிக் கணக்குப் போட்டால் மண்டலச் சண்டையே இல்லை.

அடுத்தது, எல்லைக்கோடு தன்னையே வெட்டுகிற 'செல்ஃப் இன்டர்செக்‌ஷன்'. குளத்தங்கரையை வரையும்போது மவுஸ் எங்கோ பின்னிக்கொண்டிருக்கும். எஸ்டி_ஈஸ்வேலிட்ரீசன் அந்த இடத்தின் எண்களையே சொல்லும்; ஒன்றிரண்டு என்றால் போய்க் கையால் திருத்துங்க. நூற்றுக்கணக்கில் என்றால் டேபிளை நகலெடுத்துக்கொண்டு எஸ்டி_மேக்வேலிட். அது சில சமயம் பாலிகனோடு (மூடிய வடிவம்) கோடுகளையும் சேர்த்துக் கொடுக்கும், உடனே ஜியோமெட்ரி டைப் பொருந்தவில்லை என்று புதுப் பிழை வரும். எஸ்டி_கலெக்‌ஷன்எக்ஸ்ட்ராக்டில் 3 கொடுத்துப் பாலிகனை மட்டும் எடுத்து, எஸ்டி_மல்ட்டிக்குள் போடுங்க. காலமும் மல்ட்டிபாலிகனாக, அதாவது பல பாலிகன்களை ஒன்றாக வைக்கும் வகையாக, இருக்கணும்.

தமிழ்ப் பெயர்கள் தனித் தலைவலி. ஷேப்ஃபைலில் காலத்தின் பெயருக்கு 10 பைட்தான் இடம். 'குளம்' என்று எழுதவே யூடிஎஃப்-8 என்கோடிங்கில் 15 பைட் ஆகும். காலத்தின் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, உள்ளே தமிழில் எழுதுங்க. எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கி மறுபடி ஏற்றலாம். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை, மூலத்துக்குத்தான் போகணும்.

வரைபடத்தை ஒரே ஃபைலில் வைக்கிற ஜியோபேக்கேஜில் 'டேட்டாபேஸ் லாக்டு' என்று வந்தால், அதே ஃபைல் இன்னொரு கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) ஜன்னலில் திறந்திருக்கிறதா பாருங்க. எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் பென்டிரைவில் நகலெடுக்கணும். பக்கத்தில் டபிள்யூஏஎல் என்று முடிகிற ஃபைல் கிடந்தால், கடைசியாகச் செய்த திருத்தங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கலாம்.