நுண்ணோக்கிக் கோப்பின் மீத்தரவை இழக்காமல் மாற்றுவது எப்படி?

ஓர் உயிரணுவின் குறுக்களவை அளந்தபோது, அது அரை அங்குலத்துக்கும் அதிகம் என்று கணினி காட்டியது. நுண்ணோக்கியுடன் வந்த மென்பொருளிலிருந்து படத்தைச் சாதாரண டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்திருந்ததே காரணம். டிஃப் அமைப்பில் அங்குலம், சென்டிமீட்டர், அலகின்மை ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடமுண்டு. எனவே மீத்தரவிலிருந்து, அதாவது படத்தோடு சேர்த்துப் பதிவாகும் விவரங்களிலிருந்து, மைக்ரோமீட்டர் விடுபட்டு, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற வெற்று மதிப்பு அதன் இடத்தில் அமர்ந்துகொண்டது. 40 பிக்சல் அகலமுள்ள உயிரணு இப்படித்தான் 0.56 அங்குலமாயிற்று. உண்மையில் அது 13 மைக்ரோமீட்டர்.

முதலில், மூலக் கோப்பை ஃபிஜி என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருளில் திறவுங்கள். அதற்கு அடிப்படையான வெறும் இமேஜ்ஜேயைவிட ஃபிஜியையே நான் பரிந்துரைப்பேன். நுண்ணோக்கிக் கோப்புகளைப் படிக்கும் பயோ-ஃபார்மட்ஸ் செருகுநிரல் அதனுடனேயே வருகிறது. இம்போர்ட்டர் சாளரத்தில் 'டிஸ்ப்ளே மெட்டாடேட்டா', 'டிஸ்ப்ளே ஓஎம்இ-எக்ஸ்எம்எல் மெட்டாடேட்டா' ஆகிய இரண்டு கட்டங்களையும் தேர்வுசெய்யுங்கள். முன்னது தயாரிப்பாளர் தம் விருப்பப்படி பெயரிட்டு எழுதிய மீத்தரவு. பின்னது எந்தக் கருவிக்கும் பொதுவான தரமீத்தரவு.

இரண்டையும் அருகருகே வைத்து, பிக்சலின் அளவை மட்டும் தேடுங்கள். ஸைஸ் நிறுவனத்தின் சிஇசட்ஐ கோப்பு அதை மீட்டரில் 0.000000325 என்று எழுதியிருக்கும். ஓஎம்இ-எக்ஸ்எம்எல்லிலோ 'ஃபிசிக்கல்சைஸ்எக்ஸ்' என்ற பெயரில் 0.325 என்றும், அலகு மைக்ரோமீட்டர் என்றும் இருக்கும். நிக்கான் நிறுவனத்தின் என்டி2 கோப்பில் இதற்கு வேறொரு பெயர்.

நான் இடறி விழுந்த இடம் அடுத்து வருகிறது. தரமீத்தரவில் ஓர் எண் இருப்பதாலேயே அது சரியாகிவிடாது. பொருளருகு வில்லையைக் கையால் திருப்பும் நுண்ணோக்கியில், மென்பொருளில் அதை மாற்ற மறந்தால், 40 மடங்கில் எடுத்த படமும் 20 மடங்கு என்றே பதிவாகும்; தவறான எண் நேர்த்தியான வடிவில் வந்து நிற்கும். ஆகவே கையால் கணக்கிடுங்கள்: கேமராவின் பிக்சல் 6.5 மைக்ரோமீட்டர், வில்லை 20 மடங்கு எனில், வகுத்தால் 0.325. பிக்சல்களை 2×2 ஆகச் சேர்த்து எடுத்திருந்தால் 0.65. கேமராவுக்கு முன் 0.63 மடங்கு இணைப்பு வில்லை இருந்தால், 6.5 ஐ 12.6 ஆல் வகுக்க வேண்டும். ஐயமிருந்தால், 10 மைக்ரோமீட்டர் பிரிவுகள் கொண்ட அளவுச் சில்லைப் படமெடுத்துப் பாருங்கள், 0.325 சரியானால் பத்துப் பிரிவுகள் ஏறத்தாழ 308 பிக்சல் நீளமிருக்கும்.

ஓஎம்இ-எக்ஸ்எம்எல்லையும் உள்ளே சுமக்கும் ஓஎம்இ-டிஃப் கோப்பாக மாற்றுவதற்கு, ஃபிஜியில் திறந்து மீண்டும் சேமிப்பதைவிட, மூலக் கோப்பை நேரே படிக்கும், பயோ-ஃபார்மட்ஸின் பிஎஃப்கன்வெர்ட் கட்டளையே எனக்குப் பிடித்தது. ஜேபெக் பக்கமே போக வேண்டாம். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். தரமீத்தரவில் இடமில்லாத விவரங்கள் அதில்தான் முழுமையாக இருக்கும்.

பின்சேர்க்கை: பிஎஃப்கன்வெர்ட்டில் மாற்றிய கோப்பில் ஓஎம்இ-எக்ஸ்எம்எல்லே இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வெளியீட்டுக் கோப்பின் பெயரை அவர் வெறும் 'டிஃப்' என்று முடித்திருந்தார். இக்கட்டளை பெயரின் ஈற்றைப் பார்த்தே வடிவத்தை முடிவுசெய்கிறது. 'டிஃப்'புக்கு முன் புள்ளியிட்டு 'ஓஎம்இ' சேர்த்ததும் பிக்சல் அளவு வந்துவிட்டது.